பிரசவ அறையில் ஒரு கேள்வி

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடையும் சத்தம் ஓய்வதே இல்லை. ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கோயில் இது. தேர்வு எழுதப் போகிறவர், புது வண்டி வாங்கியவர், கோர்ட்டுக்கு நடக்கிறவர் என்று பலரும் விக்கினம் தீர ஒரு காய் உடைத்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். மகளுக்கோ மருமகளுக்கோ நாள் நெருங்கிவிட்ட பெரியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கோயிலிலிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் தைக்காடு அரசு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை. தேங்காய்க்கு அடுத்தது ஆஸ்பத்திரி என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் தேங்காய் உடைத்த குடும்பம் நேராக வீட்டுக்குத் திரும்பியிருக்கும். பிரசவம் வீட்டில்தான். பார்ப்பவள் மலையாளத்தில் ‘வயற்றாட்டி’, தமிழில் ‘மருத்துவச்சி’. ஆஸ்பத்திரி என்பது சாகக் கிடப்பவர்களைத் தூக்கிக்கொண்டு போகும் இடம். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலேயே பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பிரசவக் காய்ச்சல் தாய்மார்களை வாரிக்கொண்டு போனது. பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்கள்தான் நோயைச் சுமந்து வந்தார்கள் என்று வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சாவு சட்டென்று குறைந்தது. சக டாக்டர்களில் பெரும்பாலோர் அவரை ஏற்கவில்லை.

பயந்துபோன ஊரை ஆஸ்பத்திரிக்கு எப்படி வரவழைப்பது? தைக்காட்டில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். 1886இல் பிறந்தவர். பெண் என்ற காரணத்தால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் மறுக்கப்பட, சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு கப்பலேறி லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். டப்ளினில் புகழ்பெற்ற ரொட்டண்டா மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவப் பயிற்சி பெற்றார். 1916இல் ஊர் திரும்பி தைக்காடு மருத்துவமனையில் சேர்ந்தார்.

வந்தவர் மருத்துவச்சிகளை விரட்டவில்லை. பரம்பரையாகப் பிரசவம் பார்த்த குடும்பங்களின் பெண் மக்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். தன்னுடைய முதல் குழந்தையை அதே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டார். டாக்டரம்மாவே இங்கே படுத்துப் பெற்றாள் என்ற செய்திக்கு முன்னால் எந்தப் பிரசாரமும் நிற்காது. 1920இல் அவர் செய்த அறுவை சிகிச்சைதான் கேரளத்தின் முதல் சிசேரியனாகக் குறிப்பிடப்படுகிறது. 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 32 அரசு மருத்துவமனைகளும் 40 டிஸ்பென்சரிகளும் அவர் பொறுப்பில் வந்தன. அன்று திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் அமைந்ததிலும் அவர் பங்கு உண்டு. 1975இல் பத்மஸ்ரீ. 1976இல் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த காரியம் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். தமிழ்நாட்டில் 99.6. இந்தியா முழுமைக்கும் 88.6. ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை கேரளத்தில் 2001-03இல் 110 ஆக இருந்தது. 2018-20இல் 19. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 54, நாடு முழுவதும் 97.

வாசலைத் தாண்டியாகிவிட்டது. உள்ளே போன பெண் எதை எதிர்பார்க்கலாம்? இதற்குப் பல வீடுகளில் இன்னும் பதில் இல்லை. அன்று பயந்து வெளியே நின்றார்கள். இன்று நம்பி உள்ளே போகிறார்கள், வாய் திறப்பதில்லை.

பழவங்காடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு நாகர்கோவில் பெண்ணை வைத்து இதைப் பார்க்கலாம். கணவனுக்கு சாலை பஜாரில் கடை. நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம். முதல் முறை டாக்டரிடம் போகும்போதே மாமியார் சொல்லி அனுப்புவார்: “மக்ளே, அவங்க சொல்லுததுக்குத் தலையாட்டிட்டு வா. டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?” மருமகள் பதில் சொன்னால் இப்படித்தான் சொல்வாள்: “அது சரிதான் அத்தை. என் உடம்பில என்ன நடக்குன்னு எனக்கும் தெரியணும்லா?”

இந்த மருமகள் சொல்வதுதான் மருத்துவமும் சொல்வது. கர்ப்பம் உறுதியான முதல் 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறைந்தது நான்கு முறை பரிசோதனை என்பது இந்தியாவில் நெடுநாள் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதை எட்டாக உயர்த்தியது. ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், குழந்தையின் வளர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரத்தப் பிரிவு, ஆர்.எச். வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான தடுப்பூசி உண்டு. முதல் மூன்று மாதம் போலிக் அமிலம், அதன் பிறகு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும்.

சோதனை முடிந்ததும் சீட்டு கைக்கு வரும். அதிலுள்ள எண்களில் மூன்றையாவது அவளுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்த சோகை. பிரசவத்தில் சாதாரணமாக ஏற்படும் ரத்தப் போக்கைக்கூடத் தாங்க முடியாத உடம்பு அது. ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் எச்சரிக்கை. கவனிக்காமல் விட்டால் அது வலிப்பில் கொண்டுபோய் விடும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய சோதனையை நாட்டுக்குப் பழக்கியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் வெகு தூரத்திலிருந்து வரும் கர்ப்பிணி மறுமுறை வரமாட்டாள் என்ற நடைமுறை அறிவும் அந்த முறையில் அடங்கியிருக்கிறது.

ஸ்கேன் என்றதும் வீட்டில் ஒரு பரபரப்பு. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்க ஒன்று. மேற்கொண்டு எத்தனை என்பதற்குக் காரணம் கேட்கலாம். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆணா, பெண்ணா? 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். திருவனந்தபுரத்துப் பெண் வளையல் குலுங்க நாகர்கோவிலுக்கு ரயில் ஏறுகிறாள். பட்டுப் புடவை, பலகாரம் எல்லாம் கவனமாகப் போகும். தாய்-சேய் அட்டையும் ஸ்கேன் அறிக்கைகளும் அலமாரியிலேயே தங்கிவிடும். எட்டாம் மாதத்தில் புது ஊரில் புது டாக்டர் முன்னால் அவள் சரித்திரம் இல்லாத பெண்ணாக உட்கார்ந்திருப்பாள். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்பதும், முந்தைய மாதம் அழுத்தம் கூடியது என்பதும் பின்னால் விட்டுவிட்டு வந்த காகிதத்தில் இருக்கும். மாநில எல்லை தாண்டும் பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு 2017 முதல் அந்த எண்ணைக் கேட்டு வருகிறார்கள்.

வந்த இடத்திலேயே பெறுவது என்று முடிவு செய்தால் மொழி குறுக்கே நிற்கும். பழவங்காடி, சாலை, கரமனை, வலியசாலைப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இது சிக்கலில்லை. மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ புதிதாக வந்தவளுக்குச் சிக்கல். வலியோடு போய் நிற்பவளிடம் நர்ஸ் கேட்பார்: “வெள்ளம் போகுந்நுண்டோ?” மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பனிக்குடம் உடைந்து நீர் கசிகிறதா என்பது கேள்வி. தமிழ்க் காதில் விழுவது ஆற்று வெள்ளம். “அனக்கமுண்டோ?” என்றால் குழந்தை அசைகிறதா என்று பொருள். கன்னியாகுமரிக்காரிக்கு அனக்கம் ஏற்கனவே பழகிய சொல். மற்றவள் விழிப்பாள். இத்தனைக்கும் பிரசவ வலிக்கு மலையாளம் வைத்திருக்கும் சொல் ‘பேற்றுநோவு’. பேறும் நோவும் நம் சொற்கள்தான். நாம் அவற்றில் பேற்றை ‘மகப்பேறு மருத்துவமனை’ என்ற பெயர்ப் பலகையில் ஏற்றிவிட்டு, வீட்டுப் பேச்சில் ‘பிரசவ வலி’க்கு மாறிவிட்டோம். புது ஊரில் பிரசவத்துக்குத் தயாராகும் பெண் இந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்களை முன்கூட்டியே கற்றுக்கொள்வது குழந்தைக்குச் சட்டை தைப்பதைவிட முக்கியம்.

நாளைக்காகக் காத்திருக்காமல் உடனே புறப்பட வேண்டிய நேரங்களும் உண்டு. ரத்தம் பட்டால், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால், வலிப்பு வந்தால், நீர் கசிந்தால், காய்ச்சல் அடித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் மணி பார்க்கக் கூடாது. ராகு காலம் பார்க்கவே கூடாது.

பிரசவ அறைக்குள் என்ன நடக்கும்? கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்கும் வரை நேரம் மெல்லத்தான் நகரும். முதல் குழந்தைக்கு அது பல மணி நேரம் நீளலாம். அதற்கு மேல்தான் வேகம் பிடிக்கும். குழந்தையின் இதயத் துடிப்பு, தாயின் நாடி, ரத்த அழுத்தம், வலியின் இடைவெளி எல்லாம் அவ்வப்போது ஒரு வரைபடத்தில் பதிவாக வேண்டும். எல்லாருக்கும் எனிமா, எல்லாருக்கும் சவரம், எல்லாருக்கும் பிறப்பு வழியில் கத்தரிப்பு என்ற பழைய வழக்கங்களுக்கு இன்று மருத்துவ ஆதாரமில்லை. நடமாடலாம், தண்ணீர் குடிக்கலாம், மல்லாந்தே கிடக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவர் உடனிருக்கலாம் என்று மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லா இடத்திலும் அது நடைமுறைக்கு வந்துவிடவில்லை. எட்டாம் மாதமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை வெளிவந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி. ரத்தப் போக்கைத் தடுக்க இதைவிட மலிவான காவல் இல்லை. தொப்புள் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுப்பது, பிள்ளையை அம்மாவின் மார்பில் போடுவது, முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது எல்லாம் தாயும் சேயும் நலமாக இருந்தால் எதிர்பார்க்க வேண்டியவை.

இனி, எல்லா வீட்டுத் திண்ணையிலும் அடிபடும் விஷயம்: சிசேரியன். 1920இல் ஒரு சிசேரியன் சரித்திரம். 2019-21இல் கேரளத்தில் 38.9 சதவீதக் குழந்தைகளும், தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகளும் சிசேரியன்தான். நாட்டு சராசரி 21.5. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். பத்து சதவீதத்துக்கு மேல் போவதால் ஒரு நாட்டின் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அதே அறிக்கை, தேவைப்படும் எந்தப் பெண்ணுக்கும் அறுவை மறுக்கப்படக் கூடாது என்றும் சொன்னது. நஞ்சு கருப்பை வாயை மூடிக் கிடந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, அதன் இதயத் துடிப்பு தளர்ந்தாலோ கத்திதான் உயிர் காக்கும். அங்கே தயங்குவது ஆபத்து.

சதவீதத்தை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் தன் விஷயத்தில் முடிவெடுக்க முடியாது. கேட்க முடியும். என்ன காரணம்? இப்போதேவா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா? பொறுத்தால் என்ன ஆபத்து? அடுத்த பிரசவத்துக்கு இதனால் என்ன ஆகும்? நாலே கேள்விகள். உண்மையான அவசரத்தில் டாக்டர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார். அவசரமில்லாத இடத்தில் பதில் சொல்ல நேரம் இருக்கத்தான் செய்யும். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் தாளைக் கணவனோ மாமனாரோ வாங்கிக் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. வயிறு அவளுடையது. முதலில் அவளுக்குத்தான் விளக்க வேண்டும்.

கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் என்ன முளைக்கிறது என்பதையும் கேரளம் பார்த்துவிட்டது. கத்தியைக் கண்ட பயமும் ஆஸ்பத்திரியின் மேல் அவநம்பிக்கையும் சேர்ந்து, வீட்டுப் பிரசவம்தான் இயற்கை என்று சொல்பவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கின்றன. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தின் தெற்கே நேமம் பகுதியில், வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற ஒரு பெண்ணும் குழந்தையும் இறந்தார்கள். கணவர் கைது செய்யப்பட்டார். மேரி புன்னன் லூக்கோஸ் தன் உடம்பைக் காட்டி நம்பிக்கை ஊட்டிய ஆஸ்பத்திரி அங்கிருந்து வெகு தூரமில்லை. பதில் கிடைக்காத கேள்வியைப் போலவே கேள்வியே கேட்காத பிடிவாதமும் உயிரை வாங்கும்.

கேரளத்து டாக்டர்களுக்கே ஒரு கட்டத்தில் கேள்விதான் கைகொடுத்தது. 2004இல் கேரள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு, அரசின் ஒத்துழைப்போடு ஒரு வேலையைத் தொடங்கியது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்தக் கேஸ் குறிப்பிலிருந்து பெண்ணின் பெயர், டாக்டரின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். பிறகு மூத்த டாக்டர்கள் உட்கார்ந்து ஒரே கேள்வியை எழுப்புவார்கள்: ஏன் இறந்தாள்? யார் தவறு என்பது பேச்சில்லை. பிரிட்டனில் 1952 முதல் நடந்துவரும் ஆய்வுதான் இதற்கு முன்மாதிரி. டாக்டர் வி.பி. பைலி இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ரத்தப் போக்கும் ரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள் என்று தெரிந்தது. இரண்டும் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. அதன் அடிப்படையில் 2012-13 வாக்கில், பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் உதவியோடு தர விதிகள் வகுக்கப்பட்டன. வெளிப்பட்ட ரத்தத்தைக் கண்ணளவில் மதிப்பிடாமல் அளந்து பார், பிரசவித்தவளை முதல் இரண்டு மணி நேரம் தனியே விடாதே என்பது போன்ற எளிய விஷயங்கள்தான் உயிர் காக்கின்றன.

அந்த ஆய்வுகள் பின்னால் இன்னொன்றையும் காட்டின. ரத்தப் போக்கும் அழுத்தமும் கட்டுக்குள் வரவர, தற்கொலை ஒரு குறிப்பிடத்தக்க காரணமாகத் தலைதூக்கியது. பிள்ளை பிறந்தால் தாய் பூரித்துப் போக வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. தூக்கமின்றி, காரணமின்றி அழுதுகொண்டிருப்பவளைப் பார்த்து “புள்ளையப் பார்த்தா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அந்த இருட்டு நீடித்தால் அது நோய். அதற்கு டாக்டர் உண்டு, மருந்து உண்டு. பிரசவ மருத்துவம் என்பது நாற்பது நாள் கழித்தும் முடிவதில்லை.

சாதாரணப் பிரசவம் என்றாலும் 48 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்வதற்குக் காரணம், ஆபத்துகளில் பெரும்பகுதி அந்த நேரத்தில் வருவதுதான். குழந்தைக்குப் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெப்படைட்டிஸ் பி ஊசி ஆகியவை அதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கும். பிரசவ லேகியமும் பூண்டுக் குழம்பும் இருக்கட்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற பத்தியம் வேண்டாம். பால் சுரப்பவளுக்குத் தாகம் கூடுதல். இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பிறந்ததோடு நிறுத்தவும் வேண்டாம். ஆறு மாதம் தொடரத்தான் அரசுத் திட்டம் சொல்கிறது.

டாக்டர் தரப்புக்கும் நியாயம் உண்டு. புறநோயாளிகள் பிரிவில் ஒரு காலையில் வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க முடியாது. அதற்காகத்தான் நர்ஸ், கிராமச் சுகாதாரச் செவிலியர், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வீடு தேடி வரும் ஊழியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்க முடியாததை அவர்களிடம் கேட்கலாம். கேள்விகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுப்பது ஆஸ்பத்திரி காட்டும் தயவு என்று நினைக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி சிகிச்சையோ, பதில் சொல்வதும் அப்படியே சிகிச்சை. கண் மங்கினால் ஓடி வா என்று சொல்லி அனுப்பப்பட்டவள் ஓடி வருவாள். சொல்லப்படாதவள் விடியட்டும் என்று படுத்துக் கிடப்பாள்.